வெல்வெட்டுத் துணி சொன்ன விடை



ஒருவருக்குக் காசநோய் கண்டுவிட்டால் மருத்துவர் அவருக்கு ஒரே ஒரு மருந்தைக் கொடுத்து அனுப்புவதில்லை. தொடக்கத்தில் நான்கு மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கிறார். இருமல் நின்று, உடம்பு தேறி, வேலைக்குப் போகத் தெம்பு வந்த பிறகும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்கிறார். குறைந்தது ஆறு மாதம் என்று கணக்குச் சொல்கிறார். "நோய்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு மருந்து?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. "நல்ல மருந்து ஒன்று போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் நியாயமான கேள்விகள்தாம்.

இந்தக் கேள்விகளுக்கு அடியில் இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. மருந்துக்கு மசியாத கிருமி எங்கிருந்து வருகிறது? அறிவியலார் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதாடினர். 1952ஆம் ஆண்டில் ஒரு துண்டு வெல்வெட்டுத் துணி அந்த வாதத்துக்குக் கண்ணால் காணக்கூடிய விடையைத் தந்தது. அந்தத் துணியைக் கையாண்டவர்களில் ஒருவர் எஸ்தர் லெடர்பெர்க் என்னும் அம்மையார். பாக்டீரியாக்களின் மரபியலில் அடிப்படையான மூன்று கண்டுபிடிப்புகளில் அவருக்குப் பங்கு உண்டு. ஆயினும் அவர் பெயரை உலகம் நெடுங்காலம் உரக்கச் சொல்லவில்லை. அவருடைய வரலாற்றையும் அவர் செய்த வேலையையும் இன்று நாம் அறிந்துகொள்வோம்.

எஸ்தர் மிரியம் சிம்மர் 1922ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். யூதக் குடும்பம். தந்தையார் ஓர் அச்சகம் வைத்திருந்தார். எஸ்தருக்கு ஏழு வயது நிறையும் முன்பே, 1929இல், அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் பிடித்துக்கொண்டது. வேலை இல்லாத் திண்டாட்டம் எங்கும் பரவியது. அந்நாளில் எஸ்தரின் பகல் உணவு பெரும்பாலும் ரொட்டித் துண்டின்மேல் தக்காளியைப் பிழிந்து விட்டதுதான். வறுமையின் சுவை இன்னதென்று அவர் சிறு வயதிலேயே அறிந்தவர்.

படிப்பில் அவர் கெட்டிக்காரர். உதவிச் சம்பளம் பெற்று நியூயார்க்கிலுள்ள ஹன்டர் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் பிரெஞ்சு மொழியோ இலக்கியமோ படிக்கலாம் என்றுதான் நினைத்தார். பிறகு அறிவியல் பக்கம் மனம் திரும்பியது. ஆசிரியர்கள் வேண்டாம் என்றார்கள். அறிவியல் துறையில் பெண்ணுக்கு வேலை கிடைப்பது கடினம் என்று எச்சரித்தார்கள். எஸ்தர் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1942இல் பட்டம் பெற்றார்.

1944இல் மேற்கொண்டு படிப்பதற்காகக் கலிஃபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். கையில் காசு இல்லை. குடியிருந்த வீட்டுக்கார அம்மாளின் துணிகளைத் துவைத்துக் கொடுத்தார். அந்த வேலைக்கு ஈடாகத் தங்க இடம் கிடைத்தது. வகுப்பில் அறுத்துப் பார்த்த தவளைகளின் கால்களைச் சமைத்து உண்ட நாட்களும் உண்டு. அங்கே ஜார்ஜ் பீடில் என்னும் பேராசிரியரிடம், தமக்கு மரபியல் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டார். பீடில் உடனே இசையவில்லை. ஒரு போத்தலில் அடைத்திருந்த பழ ஈக்களைக் காட்டி, அவற்றுள் ஒன்றின் கண் மட்டும் வேறு நிறமாக இருக்கக் காரணம் என்ன என்று கேட்டார். எஸ்தர் அதைக் கண்டறிந்து சொன்னார். அதன் பிறகு பீடில் தயங்கவில்லை.

1946இல் எஸ்தர் முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் ஜோஷுவா லெடர்பெர்க் என்னும் இளம் அறிவியலாரை மணந்தார். ஜோஷுவாவும் சாதாரணமானவர் அல்லர். எட்வர்ட் டேட்டம் என்பவரோடு சேர்ந்து, பாக்டீரியாக்களும் தங்களுக்குள் மரபுப் பண்புகளைக் கலந்துகொள்கின்றன என்று 1946இல் காட்டியவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். இளம் தம்பதியர் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்துக்குச் சென்று ஒரே ஆய்வுக்கூடத்தில் உழைத்தனர். 1950இல் எஸ்தர் அங்கே முனைவர் பட்டம் பெற்றார்.

நேயர்களே, பாக்டீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓருயிர். அதன் உடல் ஒரே ஓர் உயிரணுதான். உணவும் சூடும் சரியாக அமைந்தால் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படியே பத்து மணி நேரம் போனால் ஒன்று நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். மனிதரில் பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறையைப் பார்க்க ஓர் ஆயுள் வேண்டும். பாக்டீரியாவில் முப்பது தலைமுறையை ஒரே இரவில் பார்த்துவிடலாம். மரபியலார் இந்தச் சிற்றுயிரைத் தேடிப் போனதற்கு அதுவே காரணம்.

ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை வளர்ப்பது எதில் என்று கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். நம் வீட்டில் பெருநாள் காலத்தில் சர்க்கரையும் வண்ணமும் சேர்த்துக் காய்ச்சி, துண்டு துண்டாக வெட்டி வைக்கிறோமே, அந்த அகார் அகார்தான். அகார் என்பது மலாய்ச் சொல். கடற்பாசியிலிருந்து எடுக்கும் இந்தப் பொருள் நம் வட்டாரத்துப் பெயரோடுதான் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்குப் போயிருக்கிறது. அகாரில் சத்துப் பொருள்களைக் கலந்து, வட்டமான கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய விடுவார்கள். அதன்மேல் பாக்டீரியாவைத் தூவி வைத்தால், மறுநாள் ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைக் குடியிருப்பு என்று சொல்வோம்.

எஸ்தரின் முதல் பெரிய கண்டுபிடிப்பு இத்தகைய ஒரு தட்டில்தான் அகப்பட்டது. அவர்கள் ஆய்வில் பயன்பட்ட பாக்டீரியா வகைக்குக் கே-12 என்று பெயர். அதை 1922இல், எஸ்தர் பிறந்த அதே ஆண்டில், ஸ்டான்ஃபோர்டில் ஒரு நோயாளியின் குடலிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். நெடுங்காலம் பலருடைய கையில் இருந்த வகை அது. அதனுள் ஒரு விருந்தாளி ஒளிந்திருப்பதை யாரும் அறியவில்லை. புற ஊதா ஒளி பட்டு மாறுதலடைந்த சில பாக்டீரியாக்களோடு கே-12 வகையைக் கலந்து வளர்த்தபோது, குடியிருப்புகளை எதுவோ கொறித்துத் தின்றதுபோல் இருப்பதை எஸ்தர் கண்டார். தட்டு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்திருக்கலாம். அவர் எறியவில்லை. ஆராய்ந்து பார்த்ததில், கே-12 பாக்டீரியாவின் உள்ளே ஒரு வைரஸ் உறங்கிக் கிடந்தது தெரிந்தது. அது பாக்டீரியாவின் மரபுப் பொருளோடு தானும் ஒன்றாகச் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகக் கூடவே வந்திருந்தது. அதற்கு லாம்ப்டா என்று பெயரிட்டு 1951இல் செய்தி வெளியிட்டார் எஸ்தர். உயிரணுவுக்குள் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன, எப்போது உறங்குகின்றன என்று அறிவதற்கு லாம்ப்டா உலகெங்கும் ஒரு பாடநூல் போல ஆயிற்று.

இரண்டாவது கண்டுபிடிப்பும் எதிர்பார்த்தது நடக்காத ஒரு சமயத்தில் பிறந்தது. சில பாக்டீரியா வகைகளை ஒன்றோடொன்று சேர்த்தபோது மரபுப் பண்புகள் கலக்கவே இல்லை. ஏன் கலக்கவில்லை என்று தேடியபோது, பண்புகளைக் கொடுப்பதற்கு ஒரு தனிக் காரணி தேவை என்பதும், அது இரு பக்கத்திலும் இல்லாவிட்டால் கலப்பு நடக்காது என்பதும் விளங்கின. இதற்கு எஃப் காரணி என்று பெயர். எஸ்தர், ஜோஷுவா, இத்தாலியரான லூக்கா காவல்லி-ஸ்ஃபோர்சா ஆகிய மூவரும் 1952இல் இதை வெளியிட்டனர். இங்கிலாந்தில் வில்லியம் ஹேய்ஸ் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

இனி, நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

ஒரு நாற்றங்காலில் ஆயிரம் ரப்பர் நாற்றுகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இலைநோய் வந்து எல்லாவற்றையும் வாட்டுகிறது. பத்து நாற்றுகள் மட்டும் பிழைத்து நிற்கின்றன. அந்தப் பத்தும் நோயைக் கண்ட பிறகு எதிர்த்து நிற்கப் பழகிக்கொண்டனவா? அல்லது நோய் வருவதற்கு முன்பே அவற்றின் பிறவியில் அந்தத் தெம்பு இருந்ததா? நோய் வந்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

பாக்டீரியாவிலும் இதே சிக்கல். கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்மேல் ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்தை விட்டால் ஏறக்குறைய எல்லாம் மடியும். மிகச் சில மட்டும் பிழைக்கும். மருந்துதான் அவற்றை மாற்றியது என்றனர் ஒரு சாரார். மாற்றம் முன்பே தற்செயலாக நேர்ந்திருந்தது, மருந்து மற்றவற்றைக் கொன்றதால் அவை வெளியே தெரிந்தன என்றனர் மறு சாரார். சல்வடோர் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் என்னும் இருவர் 1943இலேயே கணக்கின் வழியாக இரண்டாம் கட்சிக்கு வலுவான சான்று தந்திருந்தனர். ஆனால் கணக்கை எல்லாரும் ஏற்கவில்லை. மருந்தையே காணாத பாக்டீரியாவில் எதிர்ப்புத் திறன் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மருந்தை விடாமல் எதிர்ப்பு உள்ளதை எப்படி அடையாளம் காண்பது? அதுதான் முடிச்சு.

முடிச்சை அவிழ்த்தது ஒரு துணி. ஒரு தட்டிலுள்ள நூற்றுக்கணக்கான குடியிருப்புகளை இன்னொரு தட்டுக்கு மாற்ற வேண்டுமானால், அதுவரை ஊசியாலோ குச்சியாலோ ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வைத்தார்கள். முதுகு ஒடியும் வேலை. எஸ்தர் தம் கைப்பையிலிருந்த முகப்பவுடர் பூசும் மெத்தையைக் கொண்டே முதலில் முயன்று பார்த்ததாகச் சொல்வார்கள். பின்னர் வெல்வெட்டுத் துணி நிலைத்தது. கிருமி நீக்கிய வெல்வெட்டை ஓர் உருளையின் முகத்தில் இழுத்துக் கட்டி, பாக்டீரியா வளர்ந்த தட்டை அதன்மேல் மெல்ல அழுத்துவார்கள். வெல்வெட்டின் நுண்ணிய இழைகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசிபோல் கொஞ்சம் பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளும். பிறகு புதிய தட்டுகளை ஒவ்வொன்றாக அதே துணிமேல் அழுத்த வேண்டும். கிராணியார் மைதோய்ந்த ரப்பர் முத்திரையைத் தாளில் குத்துவது போல, முதல் தட்டில் எந்த இடத்தில் எந்தக் குடியிருப்பு இருந்ததோ அதே இடத்தில் புதிய தட்டிலும் அது முளைக்கும்.

இப்போது அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். முதல் தட்டில் மருந்து இல்லை. அதிலிருந்து வெல்வெட்டால் எடுத்து, மருந்து கலந்த பல தட்டுகளில் அச்சுப் பதித்தார்கள். மறுநாள் மருந்துத் தட்டுகளில் ஏறக்குறைய எல்லாம் மடிந்து, ஒன்றிரண்டு புள்ளிகளே பிழைத்திருந்தன. ஆனால் எல்லாத் தட்டுகளிலும் அவை ஒரே இடத்தில் இருந்தன. மருந்துதான் மாற்றத்தை உண்டாக்கியது என்றால், ஒரு தட்டில் ஓரிடத்திலும் மற்றொரு தட்டில் வேறோரிடத்திலும் அல்லவா பிழைத்திருக்க வேண்டும்? ஒரே இடம் என்றால், முதல் தட்டில் அந்த இடத்தில் இருந்தவை முன்பே எதிர்ப்புத் திறன் பெற்றிருந்தன என்று பொருள்.

அத்தோடு விடவில்லை. மருந்தே படாத முதல் தட்டுக்குத் திரும்பி, குறிப்பிட்ட அந்த இடத்தைத் தொட்டு எடுத்து வளர்த்தார்கள். மறுபடியும் அச்சு, மறுபடியும் தேர்வு. இப்படிப் பலமுறை செய்தபின், மருந்தின் வாடையே அறியாத ஒரு பாக்டீரியாக் கூட்டம் கிடைத்தது. அதன்மேல் மருந்தை விட்டார்கள். அது மடியவில்லை! எஸ்தரும் ஜோஷுவாவும் 1952இல் இதை வெளியிட்டனர்.

இதன் பொருள் நம் வீட்டு மாத்திரைப் பொட்டலம் வரை நீள்கிறது. காசநோய் கண்டவரின் நெஞ்சில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு மருந்துக்கு மசியாதவை ஒன்றிரண்டு, முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே இருக்கக்கூடும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை மடிந்து, மசியாதவை மட்டும் பெருகிவிடும். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ஒருசேரத் தப்பக்கூடிய கிருமி இருப்பது மிக மிக அரிது. மேலும் காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. சில உறங்கியும் கிடக்கும். அவை யாவும் ஒழிவதற்குத்தான் அத்தனை மாதங்கள். நடுவில் நிறுத்தினால், எஞ்சியவை மீண்டும் பெருகும், வீட்டாருக்கும் பரவும். மருந்துக்கு மசியாத கிருமியாக இருந்துவிட்டால் சிகிச்சை இன்னும் கடினமாகும், இன்னும் நீளும்.

இன்னொரு செய்தியும் உண்டு. எஃப் காரணி போன்ற, தனியே நின்று இடம் மாறும் மரபுத் துணுக்குகளுக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். 1950களின் இறுதியில் ஜப்பானில், சீதபேதி உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பல மருந்துகளுக்கு எதிர்ப்பை ஒரே சமயத்தில் ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கொடுப்பதைக் கண்டார்கள். அந்த வேலையைச் செய்ததும் பிளாஸ்மிட்தான். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவரைக் கேளாமல் கிருமிக்கொல்லி மருந்து வாங்கி உண்ணக் கூடாது என்பது இதனால்தான். அதே பிளாஸ்மிட்டை மனிதர் நன்மைக்கும் பயன்படுத்தினார்கள். மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பிளாஸ்மிட்டில் ஏற்றிப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, 1978இல் இன்சுலினை உண்டாக்கினார்கள். 1982இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. இனிப்பு நீர் கண்டு ஊசி போட்டுக்கொள்ளும் எத்தனையோ பேருக்கு அந்த வழியில் வந்த மருந்து உதவுகிறது.

இத்தனைக்கும் அடித்தளம் இட்டவர்களில் ஒருவருக்கு என்ன சிறப்புக் கிடைத்தது? 1956இல் இல்லினாய் பாக்டீரியவியலார் சங்கம் எஸ்தருக்கும் ஜோஷுவாவுக்கும் சேர்த்துப் பாஸ்டர் விருது அளித்தது. 1958இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் ஒரு பாதி ஜோஷுவாவுக்கும், மறுபாதி பீடிலுக்கும் டேட்டத்துக்கும் கிடைத்தது. ஜோஷுவா அந்தப் பரிசுக்குத் தகுதியானவரே. அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் பலவற்றில் எஸ்தரின் கையும் கருத்தும் இருந்தன. அவருடைய பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. புகழ்பெற்ற கணவரோடு உழைத்ததால் எஸ்தருக்குச் சேர வேண்டிய பெருமை முழுமையாகச் சேரவில்லை என்று, உடன் உழைத்த காவல்லி-ஸ்ஃபோர்சாவே பிற்காலத்தில் எழுதினார்.

1959இல் தம்பதியர் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்றனர். ஜோஷுவா துறைத் தலைவரானார். ஆசிரியர் பதவிகளில் பெண்கள் இல்லாத குறையை எஸ்தரும் வேறு இரு பெண்களும் சேர்ந்து மேலிடத்தில் முறையிட்டனர். எஸ்தருக்கு ஒரு பதவி கிடைத்தது. ஆனால் அது நிரந்தரமானது அன்று. பின்னர் மணவாழ்வும் முறிந்தது. 1974இல் அவர் பதவி மேலும் தாழ்ந்தது. இத்தனைக்கும் இடையில் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகவில்லை. 1976 முதல் சுமார் பத்தாண்டுகள், உலகின் பல பாகங்களிலிருந்து வந்த பிளாஸ்மிட்டுகளுக்குப் பெயர் கொடுத்து, பத்திரப்படுத்தி, கேட்டவர்களுக்கு அனுப்பிவைக்கும் நிலையத்தை ஸ்டான்ஃபோர்டில் பொறுப்பேற்று நடத்தினார். யார் எதைக் கண்டார்கள் என்பது குழம்பாமல் காக்கும் வேலை அது. தம்முடைய பங்கை உலகம் சரியாகக் குறித்து வைக்காத ஒருவர், மற்றவர்களின் பங்கை ஒழுங்காகக் குறித்து வைத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2006ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், 83ஆம் வயதில், எஸ்தர் லெடர்பெர்க் காலமானார். அதன் பிறகு அவர் பணியைப் பற்றிப் பலரும் எழுதத் தொடங்கினர். வெல்வெட்டு அச்சு முறையை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். ஆய்வுக்கூடங்களில் செய்தும் பார்க்கிறார்கள்.

துணி துவைத்துப் படித்த ஒரு பெண், துணியைக் கொண்டே ஒரு பெரிய வழக்கைத் தீர்க்கத் துணைநின்றார். ஒன்றுபோல் தோன்றும் ஆயிரம் புள்ளிகளைக் கூர்ந்து பார்க்கும் கண்ணும், ஒரே வேலையைப் பலமுறை பிசகாமல் செய்யும் கையும் அவருக்கு இருந்தன. மரத்துக்கு மரம் பட்டையின் ஆழத்தை அறிந்து உளி வைக்கும் நம்மவர்களுக்கு அந்தக் கண்ணும் கையும் புதியவை அல்ல. அறிவியல் என்பது எங்கோ எட்டாத இடத்தில் உள்ளது என்று நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், எண்ண வேண்டியதில்லை.

நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ யாராவது காசநோய்க்கு மருந்து உண்டுவந்தால், நான்காம் மாதத்தில் அவருக்குச் சலிப்பு வரும். "எல்லாம் சரியாகிவிட்டது" என்பார். அப்போது அவரிடம் இந்த வெல்வெட்டுத் துணியின் கதையைச் சொல்வோம். மசியாத கிருமி முன்பே உள்ளே இருக்கக்கூடும் என்பதை விளக்குவோம். மருத்துவர் சொன்ன கடைசி மாத்திரை வரை அவரோடு கூட இருப்போம்.